கிஸ்தியும் கிட்டியும்

"வெள்ளைக்காரன் ஆட்சியே தேவலாம்" என்று ஒரு தடவையாவது சொல்லாத பெரியவர் நம் வயதில் குறைவு. தாலுகா ஆபீசுக்கு நாலு நடை நடந்தவர் சொல்வார். ரயில் இரண்டு மணி நேரம் தாமதமாக வந்தால் சொல்வார். பாலம் இடிந்து விழுந்தால் கட்டாயம் சொல்வார். அவர்கள் கட்டிய பாலமும் அணையும் நிற்கின்றன, தபாலும் ரயிலும் அவர்கள் கொண்டுவந்தவை. அதையெல்லாம் நான் மறுக்கப் போவதில்லை. ஆனால் வருவாய்த் துறையில் முப்பத்து மூன்று வருஷம் குப்பை கொட்டியவன் என்ற முறையில், அதே துறையின் பழைய சரித்திரத்திலிருந்து ஒரு பக்கத்தைப் புரட்டிக் காட்ட ஆசைப்படுகிறேன். நம் பள்ளிக்கூடச் சரித்திரப் புத்தகத்தில் இது வந்ததாக எனக்கு நினைவில்லை.

விஷயம் இதுதான். 1854இல், சென்னை ராஜதானியில் நிலவரி வசூலிக்கக் குடியானவர்களைச் சித்திரவதை செய்கிறார்களா என்று விசாரிக்க அரசாங்கமே ஒரு கமிஷன் போட்டது. 1855இல் அந்தக் கமிஷன், "ஆமாம், செய்கிறார்கள்" என்று அறிக்கை கொடுத்தது. தேசியவாதிகள் யாரோ மேடையில் பேசியதில்லை இது. மூன்று வெள்ளைக்காரர்கள் கையெழுத்துப் போட்ட சர்க்கார் அறிக்கை.

இது எப்படி வந்தது என்று புரிய, வரி முறையைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். கம்பெனிக்கு முன்னால் இந்தப் பக்கத்தில் நன்செய் நிலங்களில் பெரும்பாலும் வாரம்தான். களத்தில் நெல் அளக்கும்போது ராஜாவுக்கு இவ்வளவு, குடிக்கு இவ்வளவு என்று பிரிப்பார்கள். ராஜாவின் பங்கு சில சமயம் அநியாயமாகவும் இருந்திருக்கிறது. நவாபு காலத்துக் குத்தகைதாரர்கள் குடிகளைக் கசக்கிப் பிழிந்தார்கள் என்பதிலும் சந்தேகமில்லை. ஆனாலும் அந்த முறையில் ஒரு சௌகரியம் உண்டு. விளைச்சல் பாதியானால் ராஜாவின் பங்கும் பாதியாகிவிடும். மழை பொய்த்தால் இரண்டு பேருக்கும் சேர்ந்தே பொய்க்கும்.

1792இல் திப்பு சுல்தானோடு ஏற்பட்ட ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் பாராமகால் கம்பெனி கைக்கு வந்தது. இன்றைய கிருஷ்ணகிரி, தருமபுரி, திருப்பத்தூர்ப் பகுதிகள்தான் அது. கேப்டன் அலெக்சாண்டர் ரீட் என்பவரை நிர்வாகத்துக்குப் போட்டார்கள். அவருக்கு உதவியாக வந்த இளம் ராணுவ அதிகாரிகளில் ஒருவர் தாமஸ் மன்றோ. சென்னையில் தீவுத்திடல் பக்கத்தில் அங்கவடி இல்லாத குதிரை மேல் உட்கார்ந்திருக்கிறாரே, அவரேதான். தருமபுரியில் தங்கி ஊர் ஊராகச் சுற்றி, குடியானவனோடு நேராகப் பேசி வரி போட்டார்கள். இடையில் ஜமீன்தார் கிடையாது. ஒவ்வொரு நிலத்துக்கும் இவ்வளவு தீர்வை, அதை அந்தந்தக் குடியே சர்க்காருக்கு நேராகக் கட்ட வேண்டும். இதுதான் ரயத்துவாரி. நாம் இன்றைக்கும் கையில் வைத்திருக்கும் பட்டாவின் வேர் அங்கேதான் இருக்கிறது.

மன்றோ கெட்ட மனிதர் இல்லை. குடிகளிடம் பரிவு உள்ளவர். ராயலசீமைப் பக்கம் அவர் பெயரைப் பிள்ளைகளுக்கு வைத்தார்கள் என்று சொல்வார்கள். பிறகு அவர் அளந்து வரி போட்ட அந்த ராயலசீமை ஜில்லாக்களில், தீர்வை மொத்த விளைச்சலில் சுமார் 45 சதவீதம் வந்தது. செலவு போக மிஞ்சியதில் 45 இல்லை, மொத்த விளைச்சலில் 45. இது தாங்காது, மூன்றில் ஒரு பங்காகக் குறையுங்கள் என்று 1807இல் அவரே எழுதினார். மேலிடம் கேட்கவில்லை. 1820இல் அவரே கவர்னராகத் திரும்பி வந்த பிறகுதான் அங்கே குறைப்பு நடைமுறைக்கு வந்தது. நல்ல அதிகாரி ஒருவர் சொன்னதற்கே இவ்வளவு காலம் ஆயிற்று என்றால், குடியானவன் சொல்லி என்ன நடந்திருக்கும்!

தீர்வையின் அளவை விட அது பணமாக இருந்ததுதான் பெரிய தொல்லை. 1820களின் நடுவிலிருந்து ஏறக்குறைய முப்பது வருஷம் சென்னை ராஜதானியில் தானிய விலை சரிந்து கிடந்தது. தீர்வை மட்டும் ரூபாய்க் கணக்கில் அப்படியே நின்றது. முன்பு பத்து மூட்டை விற்றுக் கட்டியவன் இப்போது பதினைந்து மூட்டை விற்க வேண்டும் என்று வையுங்கள். (இந்தக் கணக்கு புரிவதற்காக நான் சொல்வது.) சர்க்கார் ஒரு பைசா கூட்டவில்லை, ஆனால் வரி ஒன்றரை மடங்கு ஆகிவிட்டது. இதோடு கிஸ்தித் தவணை வேறு. கதிர் முற்றும் முன்னே முதல் தவணை வந்து நிற்கும். சாகுபடிக்காரன் நிற்கிற பயிரை அடமானம் வைத்து லேவாதேவிக்காரனிடம் வாங்கிக் கட்டுவான். அறுவடையானதும் எல்லோரும் ஒரே சமயத்தில் விற்க ஓடுவார்கள், விலை இன்னும் விழும்.

பயிர் சாவியானால் வஜா உண்டு என்பது விதி. வருஷா வருஷம் ஜமாபந்தியில் கணக்குப் பார்த்துத் தள்ளுபடி கொடுக்க வேண்டும். ஆனால் எந்த வயல் சாவி, எது விளைந்தது என்று பார்த்து எழுதுகிறவர் கர்ணம். அதைச் சரிபார்க்கிறவர் தாசில்தார் கச்சேரி ஆள். கர்ணத்துக்கும் சேவகனுக்கும் சம்பளம் சொற்பம். மேலே என்ன எழுத வேண்டியிருக்கிறது? வஜா யாருக்குக் கிடைத்திருக்கும், எப்படிக் கிடைத்திருக்கும் என்று படிக்கிறவர்களுக்கே தெரியும்.

அடுத்தது, வசூலித்தது யார் என்ற கேள்வி. ஒரு ஜில்லாவுக்கு ஒரு கலெக்டர் துரை, அவருக்குக் கீழே விரல்விட்டு எண்ணும்படி சில இளைய துரைமார். மற்ற எல்லோரும் நம்மவர்கள்: தாசில்தார், அவருக்குக் கீழே குமாஸ்தாக்கள், சேவகர்கள், கிராமத்தில் மணியக்காரர், கர்ணம். இங்கே ஒரு முக்கியமான சங்கதி உண்டு. 1816இல் வந்த சட்டப்படி தாசில்தார்தான் தாலுகாவின் போலீஸ் தலைவரும். வரி கேட்கிறவரும் அவர், கைது செய்கிறவரும் அவர். வசூல் குறைந்தால் மேலே பதில் சொல்ல வேண்டியவரும் அவர். எப்படி வசூலித்தாய் என்று அவரை யாரும் கேட்பதில்லை, எவ்வளவு வசூலித்தாய் என்பதுதான் கேள்வி.

இனி எப்படி வசூலித்தார்கள் என்பதைச் சொல்கிறேன். கமிஷன் அறிக்கையில் நம் பாஷைச் சொற்களே இங்கிலீஷ் எழுத்தில் வருகின்றன. அவற்றில் முக்கியமானவை இரண்டு.

ஒன்று, கிட்டி. இரண்டு மரக்கட்டைகளை ஒரு முனையில் சேர்த்துக் கட்டியிருப்பார்கள். நடுவில் கையையோ விரலையோ வைத்து, எலுமிச்சம்பழம் பிழிவது போல நெருக்குவார்கள். ஜன்னி கண்டவனுக்குப் "பல்லுக் கிட்டிப் போச்சு" என்கிறோமே, அதே நெருக்குகிற பொருள்தான். பெண்களுக்கும் இதைச் செய்திருக்கிறார்கள். அதன் விவரத்தை இங்கே எழுத மனம் வரவில்லை.

மற்றது, அண்ணாந்தாள். ஆளைக் குனிய வைத்து, அவன் மேல்துண்டையோ ஒரு கயிற்றையோ கழுத்தில் போட்டுக் கால் கட்டைவிரலோடு சேர்த்து இழுத்துக் கட்டுவது. அப்படியே வெயிலில் நிற்க வேண்டும். போதாதென்று முதுகில் கல் ஏற்றுவார்கள். சில இடத்தில் சேவகனே ஏறி உட்கார்ந்துகொள்வான்.

இவை தவிர சின்னச் சின்ன வழிகள் பல. கண்ணில் மிளகாய்ப்பொடி, சவுக்கடி, தலைமயிரைப் பிடித்துக் கட்டிப் போடுவது, கடிக்கிற பூச்சியைத் தொப்புளில் வைத்து மூடிக் கட்டுவது. சாப்பிடவோ வெளிக்குப் போகவோ விடாமல் நாள் முழுக்கக் கச்சேரி வாசலில் நிறுத்தி வைப்பது, மாட்டை மேய்ச்சலுக்கு விடாமல் பட்டினி போடுவது, வீட்டுத் திண்ணையில் சேவகனைக் குடியிருத்தி அவனுக்குப் படியும் குடியானவனே கொடுக்க வைப்பது. இதையெல்லாம் ஊர் நடுவில் செய்தார்கள். ஒருவனை நிறுத்தினால் பத்துப் பேர் ஓடிவந்து கட்டுவார்கள் என்பதுதான் கணக்கு.

இது வெளியே வந்ததற்கு நாம் நன்றி சொல்ல வேண்டிய மனிதர் ஒருவர் இருக்கிறார். காசுலு லட்சுமிநரசு செட்டி. 1806இல் சென்னையில் பிறந்த வியாபாரி. 1844இல் 'கிரசெண்ட்' என்ற இங்கிலீஷ் பத்திரிகையைத் தொடங்கி நடத்தினார். காங்கிரஸ் பிறப்பதற்கு முப்பது வருஷத்துக்கும் முன்னால், 1852இல், சென்னை சுதேசிகள் சங்கத்தை ஆரம்பித்து நிலவரிக் கொடுமை பற்றியும் நீதி கிடைக்காதது பற்றியும் பார்லிமெண்டுக்கு மனு அனுப்பினார். டான்பி சீமோர் என்ற பார்லிமெண்ட் மெம்பர் 1853இல் இங்கே வந்தபோது, அவரைக் கூட்டிக்கொண்டு உள்நாட்டு ஊர்களுக்குப் போய்க் குடிகளின் நிலையை நேரில் காட்டினார். பொதுக் காரியத்துக்கே சம்பாத்தியத்தைச் செலவழித்து, 1868இல் வறுமையில் இறந்தார். நம் ஊர்களில் எத்தனையோ பேருக்குச் சிலை இருக்கிறது. இவர் பெயரைச் சொன்னால் "யார் அது?" என்று கேட்கிறார்கள்.

சீமோர் ஊருக்குத் திரும்பியதும் 1854 ஜூலையில் பார்லிமெண்டில் விவாதம் நடந்தது. கம்பெனியின் பெரிய மனிதர்கள், எங்கள் ஆட்சியிலாவது, இப்படி நடப்பதாவது என்று அடித்து மறுத்தார்கள். சரி, விசாரித்துவிடலாம் என்றுதான் கமிஷன் வந்தது. எலியட், ஸ்டோக்ஸ், ஜான் புரூஸ் நார்ட்டன் என்று மூன்று பேர். நார்ட்டன் சென்னையில் பெயர் பெற்ற வக்கீல். பின்னாளில் அரவிந்தர் மீதான அலிப்பூர் வழக்கை சர்க்கார் பக்கம் நடத்திய எர்ட்லி நார்ட்டன் இவருடைய மகன்.

முறையீடு இருப்பவர்கள் வரலாம் என்று அறிவித்தார்கள். கமிஷன் உட்கார்ந்தது சென்னைப் பட்டணத்தில். தென்னிந்தியாவின் முதல் ரயில் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்கு ஓடியதே 1856இல்தான். ஆகவே வந்தவர்கள் நடந்தும் மாட்டு வண்டியிலும்தான் வந்திருக்க வேண்டும். திரும்பிப் போனால் அதே தாசில்தார், அதே சேவகன் முகத்தில் விழிக்க வேண்டும் என்பதும் அவர்களுக்குத் தெரியும். அப்படியிருந்தும் மூன்று மாதத்துக்குள் 1,959 முறையீடுகள் வந்தன. 519 பேர் நேரில் வந்தார்கள். மற்ற 1,440 பேர் எழுதி அனுப்பினார்கள். பயந்து வராதவர்கள் எத்தனை பேர், பட்டணத்தில் இப்படி ஒரு கமிஷன் உட்கார்ந்திருக்கிறது என்ற சேதியே எட்டாதவர்கள் எத்தனை பேர் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

1855 ஏப்ரலில் அறிக்கை வந்தது. வரி வசூலில் சித்திரவதை பொதுவாக நடக்கிறது, போலீஸ் விசாரணையிலும் நடக்கிறது என்று ஒப்புக்கொண்டார்கள். பழைய ஆட்சிகளிலிருந்து தொடர்ந்து வரும் வழக்கம் இது, சமீப காலமாகக் குறைந்து வருகிறது என்றும் எழுதினார்கள். அதில் உண்மை இருக்கலாம். ஆனால் கடைசியில் ஒரு முடிவு சொன்னார்கள் பாருங்கள்: குடிகள் தங்கள் சொந்த ஜனங்களின் கொடுமையிலிருந்துதான் காப்பாற்றும்படி கேட்கிறார்கள், ஐரோப்பிய அதிகாரிகள் மேல் அவர்களுக்குக் குறை இல்லை!

இந்த இடத்தில்தான் எனக்குக் கமிஷனோடு சண்டை. கிட்டியை நெருக்கிய கை நம்மவன் கை. அதை மறைக்க வேண்டியதில்லை, மறைக்கவும் கூடாது. காசுக்கும் அதிகாரத்துக்கும் ஆசைப்பட்டுத் தன் ஊர்க்காரனையே வெயிலில் குனிய வைத்தவன் நம்மவன்தான். ஆனால் விளைந்தாலும் விளையாவிட்டாலும் இவ்வளவு ரூபாய் வர வேண்டும் என்று தீர்மானித்தது யார்? வரியையும் லத்தியையும் ஒரே ஆள் கையில் கொடுத்தது யார்? வசூலான பணம் போய்ச் சேர்ந்தது எந்த கஜானாவுக்கு? ராஜதானி வருமானத்தில் பெரும்பகுதி நிலவரிதான். கலெக்டர் துரையின் சம்பளமும் அதிலிருந்துதான், கம்பெனிப் பங்குதாரர்களின் லாபத்துக்கும் அடிப்படை இந்த மாதிரி வரிதான். கை அழுக்காகாமல் பணம் மட்டும் வந்துகொண்டிருந்தால், அது எப்படி வருகிறது என்று கேட்காமலிருப்பது ரொம்ப சுலபம்.

குடியானவன் கலெக்டரிடம் போய்ச் சொல்லக்கூடாதா என்றால், போனான். மனு எழுதக் காசு, நடக்க நாலைந்து நாள். அங்கே அவன் மனுவின் மேல் ஒரு வரி எழுதி, விசாரித்து அறிக்கை அனுப்பும்படி அந்தத் தாசில்தாருக்கே அனுப்பிவிடுவார்கள். யார் மேல் புகாரோ, அவரே விசாரணை அதிகாரி. நியாயம் பெறுவது குடிகளுக்கு எவ்வளவு கஷ்டமாக இருக்கிறது என்பதைக் கமிஷனும் ஒப்புக்கொண்டது.

1857இல் வடக்கே சிப்பாய்க் கலகம் வெடித்து, சிப்பாய்கள் செய்த கொடுமைகளைப் பற்றி லண்டன் பத்திரிகைகள் எழுதித் தள்ளின. அப்போது இந்தச் சென்னை அறிக்கையை எடுத்து அமெரிக்காவின் 'நியூயார்க் டெய்லி ட்ரிப்யூன்' பத்திரிகையில் கட்டுரை எழுதினார் ஒருவர். அவர் கார்ல் மார்க்ஸ். நம் ஊர்க் கிட்டியும் அண்ணாந்தாளும் அப்படிக் கடல் தாண்டின.

அறிக்கை வீண்போகவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1855லேயே தீர்வையைக் குறைத்துப் புதிதாக சர்வே, செட்டில்மெண்ட் செய்வதென்று முடிவானது. பிறகு நிகர விளைச்சலில் பாதிக்கு மேல் தீர்வை போகக்கூடாது, முப்பது வருஷத்துக்கு மாற்றக்கூடாது என்ற விதிகள் வந்தன. 1859இல் சென்னை போலீஸ் சட்டம் வந்து, போலீஸ் தனி இலாகா ஆயிற்று. இன்றைக்குத் தாசில்தார் ஆபீசும் போலீஸ் ஸ்டேஷனும் தனித்தனிக் கட்டடமாக இருக்கின்றனவே, அதற்குப் பின்னால் பெயர் தெரியாத அந்த 1,959 பேர் இருக்கிறார்கள். 1860இல் எழுதிய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 330ஆவது பிரிவைப் பார்த்திருக்கிறீர்களா? அதில் உதாரணமாகக் கொடுத்திருப்பதில் ஒன்று, வரி பாக்கியைக் கட்ட வைப்பதற்காக ஒருவரைச் சித்திரவதை செய்யும் வருவாய் அதிகாரி! எங்கள் இலாகாவுக்கு இப்படி ஒரு பெருமை.

கிட்டி போயிற்று, அதன் இடத்தில் ஜப்தி வந்தது. 1864ஆம் வருஷத்து வருவாய் வசூல் சட்டம் பாக்கிக்காரனின் பண்டபாத்திரம், பயிர், நிலம் எல்லாவற்றையும் சட்டப்படி ஏலம் போட வழி செய்தது. உடம்பை விட்டுச் சொத்தைப் பிடித்தார்கள். முன்னேற்றம்தான். ஆனால் 1876-78இல் தாது வருஷப் பஞ்சம் வந்தபோதும், தின்னச் சோறில்லாதவனிடம் கிஸ்தி பாக்கி என்ற கணக்கு கணக்காகவே இருந்தது.

என் பாட்டி கிஸ்தி மாதங்களில் வெண்கலப் பானையையும் அண்டாவையும் வைக்கோல் போருக்குள் ஒளித்து வைத்த கதையைச் சிரித்துக்கொண்டே சொல்வாள். மணியக்காரர் தெருமுனையில் வருகிறார் என்றால் சின்னப் பிள்ளைகளை முன்கூட்டியே ஓடிவந்து சொல்லப் பழக்கியிருந்தார்களாம். "கச்சேரிப் படி ஏறுகிறவன் குடும்பம் உருப்படாது" என்பாள். அவள் பேரன் அந்தப் படியிலேயே முப்பத்து மூன்று வருஷம் உட்கார்ந்தேன். மனு கொடுக்க வந்தவர்கள், என்னை விட மூத்தவர்கள், செருப்பை வாசலில் கழற்றிவிட்டுத் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நிற்பதைப் பார்க்கும்போதெல்லாம் சங்கடமாக இருக்கும். "உட்காருங்கய்யா" என்றாலும் உட்கார மாட்டார்கள். மரியாதை என்று சொல்லிக்கொள்ளலாம். எனக்கென்னவோ அது மரியாதையாகத் தோன்றியதில்லை. நாலைந்து தலைமுறைக்கு முந்திய பயம், காரணம் மறந்துபோன பிறகும் உடம்பில் தங்கியிருக்கிறது.

ஆகவே அடுத்த தடவை யாராவது "வெள்ளைக்காரன் காலத்தில் எல்லாம் ஒழுங்காக நடந்தது" என்றால் சண்டை போட வேண்டாம். ஒழுங்கு இருந்தது உண்மைதான். தாலுகாவிலிருந்து ஜில்லாவுக்கும், ஜில்லாவிலிருந்து பட்டணத்துக்கும் கணக்கு தவணை தவறாமல் போனது. அந்தக் கணக்கில் ரூபாய், அணா, பைசா வரை எல்லாம் இருந்தது. அது எப்படி வசூலானது என்பதற்கு மட்டும் கலம் கிடையாது என்று சொல்லுங்கள்.

இன்று நிலவரி நம்மில் பெரும்பாலோருக்கு ஒரு பொருட்டே இல்லை. கிட்டி என்றால் பேரப்பிள்ளைகளுக்குக் கிட்டிப்புள்தான் தெரியும், அதுவும் தெரிந்தால். அது நல்லதுதான். ஆனால் பழைய வழக்கம் ஒன்று இன்னும் மிச்சம் இருக்கிறது. ஒரு ஆபீசின் மேல் மேலிடத்துக்கு மனு கொடுத்துப் பாருங்கள். பத்து நாள் கழித்து அது "தக்க நடவடிக்கைக்காக" என்று முத்திரை குத்தப்பட்டு அதே ஆபீசுக்கே வந்து சேரும். 1854இல் அந்தக் குடியானவர்கள் கேட்டதும் இதைத்தான்: யார் மேல் புகாரோ அவரிடமே எங்களை அனுப்பாதீர்கள். வெள்ளைக்காரன் போய் எழுபத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. இதைச் சரிசெய்ய இனி அவனைக் குறை சொல்லி உட்கார்ந்திருக்க முடியாது, நாம்தான் செய்ய வேண்டும்.